நூற்றுக்கு ரெண்டு பத்தாது

என் தம்பி புகழேந்தியை மாப்பிள்ளை பார்க்க மூன்று வீட்டிலிருந்து வந்தார்கள். மூன்று வீட்டுக்காரர்களிடமும் அவன் உண்மையைச் சொன்னான். அதனால் இரண்டு இடம் கைவிட்டுப் போயிற்று.

முதல் இடம் காரியாபட்டி. பெண்ணின் அப்பா காபியைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க பொண்ண நல்லா வச்சுக்கிருவீகளா தம்பி?" என்று கேட்டார். எல்லா மாப்பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்விதான். எல்லா மாப்பிள்ளைகளும் தலையை ஆட்டுவார்கள். இவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தொண்ணூறு சதவீதம் நல்லா வச்சுக்கிருவேன்" என்றான். அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, "சரி, எண்பத்தஞ்சு" என்றான்.

இரண்டாவது இடத்தில், "வேலை நிரந்தரமா?" என்று கேட்டார்கள். "எதுவும் நிரந்தரம் இல்லைங்க. இந்தா ஓடுதே, இந்த ஃபேனே இன்னும் ரெண்டு வருஷம் ஓடினாப் பெரிசு" என்றான். அது அவர்கள் புது வீட்டு ஃபேன்.

மூன்றாவது இடத்துப் பெண் யோகலட்சுமி. அங்கேயும் தொண்ணூறு என்றுதான் சொன்னான். உள்ளே இருந்த அந்தப் பெண் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "பாக்கிப் பத்துல என்ன செய்வீக?" என்று கேட்டது. "சண்டை போடுவேன். ரெண்டு நாள் பேச மாட்டேன்." "அம்புட்டுத்தானா? எங்க அப்பா வாரத்துக்கு நாலு நாள் பேச மாட்டாரு" என்றது. கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் கணக்கு இதுவரை பொய்க்கவில்லை.

நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வெடி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. எதையும் எண்ணிப் பார்த்து எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சிவகாசி அச்சாபீசில் கழித்துப் போட்ட டைரி ஒன்று வருஷா வருஷம் எனக்குக் கிடைக்கும். ஒரு வருஷம் கிடைத்ததில் செவ்வாய்க்கிழமையே கிடையாது. அதிலும் எழுதினேன். தம்பியை டிப்ளமோ படிக்க வைத்தது நானும் அம்மாவும். எலக்ட்ரானிக்ஸ் படித்தான். படித்த கையோடு ஓசூரில் வேலை கிடைத்தது. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தோம்.

அவன் அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வண்டிகளுக்குள் வைக்கிற சர்க்கியூட் பலகைகளை ஒரு அடுப்பில் வைத்து வேக வைப்பான். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து விறைக்க வைப்பான். பிறகு ஆட்டுகிற மிஷினில் வைத்து ஆட்டுவான். எது எத்தனை மணி நேரத்தில் சாகிறது என்று எழுதுவான். இதற்குச் சம்பளம்.

"வேக வைக்கிறதுக்கு எதுக்குலே மூணு வருஷப் படிப்பு? நான் இட்லி வேக வைக்கலையா?" என்றாள் அம்மா.

"நீ ஒரு நாளாவது எந்த இட்லி வேகாதுன்னு முன்கூட்டிச் சொல்லியிருக்கியாம்மா?"

"வேகாத இட்லிய எதுக்குலே நான் ஊத்தப் போறேன்?"

எந்தப் பலகை சாகும் என்று அவனாலும் சொல்ல முடியாது. ஆயிரத்தில் எத்தனை சாகும் என்று சொல்லிவிடுவான். அதுதான் அவன் தொழில். அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. புதுச் சாமான் முதல் சில நாளில்தான் அதிகமாகச் சாகுமாம். அதைத் தாண்டிவிட்டால் பல வருஷம் சத்தமில்லாமல் ஓடுமாம். கிழடானதும் மறுபடி சாக ஆரம்பிக்குமாம். "கல்யாணம் மாதிரி" என்றேன். "எல்லாச் சாமானும் அப்படித்தான்க்கா" என்றான். என் கல்யாணம் அப்போது நடுக்கட்டத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்தியது போன வருஷம் கோவிலில் நடந்த பங்குனிப் பொங்கல் திருவிழா.

என் வீட்டுக்காரர் அருள்பாண்டி எங்கள் கம்பெனியில் வாணவேடிக்கை ஆள். கோவில் திருவிழாக்களுக்கு ஆர்டர் வந்தால் வேனில் போவார். மண்ணில் வரிசையாக இரும்புக் குழாய்களை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குண்டை இறக்கி, நீளக் குச்சியில் தீ வைத்துக்கொண்டு ஒவ்வொரு திரியாகப் பற்றவைத்தபடி ஓடுவார். பதினான்கு வருஷம் அப்படி ஓடினார். போன வருஷம் ஒரு திரி பற்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். கோவில் கமிட்டிக்காரர்கள், "என்னப்பா நின்னுபோச்சு?" என்று மைக்கில் கேட்டார்கள். மைக்கில் கேட்டால் எந்த மனிதனுக்கும் ரோஷம் வரும். என்னவென்று பார்க்கப் போனார். மூன்றடி இருக்கும்போது குண்டு கிளம்பியது. ஆண்டவன் புண்ணியத்தில் மேலே பார்த்துக் கிளம்பியது. இரண்டு புருவமும் போயிற்று, இடது காதும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம் நான் ஒரு மணி நேரம் அழுதுகொண்டே திட்டினேன். முடித்ததும், "இந்தப் பக்கம் வந்து சொல்லு, அந்தக் காது கேக்காது" என்றார்.

ஓசூரிலிருந்து பார்க்க வந்த தம்பி திரும்பிப் போகவில்லை. "மச்சான், இனிமே நீங்க குழாய்கிட்டப் போகக்கூடாது" என்றான். "போகாம எப்படி மாப்ள பத்தவைக்கிறது? ஊதியா?" என்றார். தம்பி ரிமோட் பெட்டி செய்ய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இந்தப் பெட்டி உலகத்தில் இல்லாத சாமான் இல்லை. பெரிய ஊர்களில் கடையிலேயே விற்கிறது. தம்பி செய்தது எங்கள் பக்கத்து வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்குகிற மாதிரி. நூறு அடி தள்ளி நின்று பொத்தானை அமுக்கினால், கம்பி வழியாகக் கரண்டு போய், குழாயில் இருக்கும் திரி பற்றிக்கொள்ளும். சாதாரணத் திரி இல்லை, கரண்டுத் திரி. இரண்டு மெல்லிய கம்பி, முனையில் தீக்குச்சித் தலை அளவுக்கு மருந்து. அதை எங்கள் கம்பெனியிலேயே தங்கத்தாய் தலைமையில் பத்துப் பெண்கள் செய்கிறார்கள். கடைசியில் என் மேஜைக்குச் செக்கிங்குக்கு வரும்.

பெட்டிக்காக ஆறு சர்க்கியூட் பலகை செய்தான். மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் காய வைத்தான். பிறகு என் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். மறுபடி மாடி. இரண்டாவது சுற்றில் ஒரு பலகை செத்தது. "செத்துருச்சு! செத்துருச்சு!" என்று படியில் குதித்து ஓடி வந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். "திருவிழாவில சாக வேண்டியது வீட்டிலயே செத்துருச்சு, நல்லதுதான" என்று அவர்களுக்கு விளக்கினான். அவர்கள் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

சிக்கல் பெட்டியில் வரவில்லை. திரியில் வந்தது.

கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணன். நல்ல மனிதர்தான். தன் கம்பெனிப் பெயரைச் சொல்லும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். தம்பி பெட்டியைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தான். நானும் கூட நின்றேன்.

"பெட்டி நல்லா இருக்குப்பா. திரி நம்ம திரி. இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அறுபது குண்டு. என்ன சொல்ற?"

"திரியில நூத்துக்கு ரெண்டு பத்தாது மொதலாளி."

முதலாளி யோசித்தார். "நூத்துக்கு ரெண்டு பத்தாதா? சரி, மூணு வச்சுக்க. நாலுகூடத் தாரேன். உடைசல் கிடைசலுக்கு ஆகும்."

"அந்தப் பத்தாது இல்ல மொதலாளி. தீப் பத்தாது. நூறு திரியில ரெண்டு தீப்பிடிக்காதுன்னு சொல்றேன்."

முதலாளியின் கை காலருக்குப் போனது. "யாரு கம்பெனித் திரிய யாரு சொல்றது? இருபத்தெட்டு வருஷம்! ரெண்டு பத்தாதாம்ல!"

தம்பி மெதுவாகச் சொன்னான். எத்தனை நல்ல கம்பெனியானாலும் கையால் செய்கிற திரியில் இரண்டு தப்பும், அது குற்றமில்லை. ஆனால் அறுபது குண்டும் ஒன்று விடாமல் போக வேண்டும் என்றால், நூறு திருவிழாவில் முப்பதில்தான் அது நடக்கும். மிச்சம் எழுபதில் குழாய்க்குள் ஒரு குண்டாவது உட்கார்ந்திருக்கும். யாராவது கிட்டப் போவார்கள்.

"நூத்துக்கு ரெண்டுன்ன. இப்ப நூத்துக்கு எழுபதுங்கிற. ஒரு நிமிஷத்துல என் கம்பெனியக் குப்பையாக்கிட்டியே!"

எனக்கும் அன்றைக்கு அது புரியவில்லை. மறுநாள் எங்கள் வேனை வைத்துத்தான் எனக்கு விளக்கினான். கம்பெனி வேன் இருபது பெண்களை வீட்டு வாசலில் நின்று நின்று ஏற்றும். ஒருத்தி வராவிட்டால் அவள் வருகிறவரை நிற்கும். ஒவ்வொருத்தியும் இருபது நாளில் பத்தொன்பது நாள் சரியாக வந்துவிடுவாள். ஒரே ஒரு நாள், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, தண்ணீர் வந்துவிட்டது, சேலை முந்தி ஆணியில் மாட்டிக்கொண்டது, ஏதாவது ஒன்று. "அப்ப வேன் எத்தனை நாள் நேரத்துக்குக் கம்பெனி சேரும், சொல்லுக்கா" என்றான். "இருபதுக்குப் பத்தொன்பது நாள்" என்றேன். செல்போனில் பெருக்கிக் காட்டினான். மூன்று நாளைக்கு ஒரு நாள்தான். நான் நம்பாமல் என் டைரியை எடுத்துப் பார்த்தேன். வேன் சேர்ந்த நேரமும் எழுதுவேன். போன மாதம் இருபத்தாறு வேலை நாளில் ஒன்பது நாள்தான் நேரத்துக்குச் சேர்ந்திருந்தது. இத்தனை வருஷமாக வேனில், "உன்னாலதான்டி லேட்டு", "உன்னாலதான்டி லேட்டு" என்று நாங்கள் போட்ட சண்டைக்கு அளவில்லை. ஒருத்தியும் சோம்பேறி இல்லை. இருபது நல்லவர்கள் சேர்ந்தால் ஒரு கெட்ட வேன்.

அவன் கேட்டது இதுதான்: ஒரு குழாய்க்கு இரண்டு திரி. ஒன்று பற்றாவிட்டால் இன்னொன்று பற்றும். இரண்டும் சேர்ந்து தப்புவது பத்தாயிரத்தில் நாலு. அப்படி வைத்தால் நூறு திருவிழாவில் தொண்ணூற்றேழில் யாரும் குழாய்கிட்டப் போக வேண்டாம்.

"அந்த மூணு?" என்று கேட்டேன்.

"அந்த மூணுக்கு மச்சான் ஊர்ல இருக்கக்கூடாது" என்றான்.

முதலாளி இரண்டு திரிக்குச் சம்மதிக்கவில்லை. செலவு அவருக்குப் பெரிசில்லை. "ரெண்டு ரெண்டாக் கட்டினா, பாக்குறவன் என்ன சொல்லுவான்? இவன் திரி மேல இவனுக்கே நம்பிக்கை இல்லைம்பான். வேட்டிக்கு மேல வேட்டி கட்டின மாதிரி." கடைசியில் ஒரு பந்தயம் போட்டார். இருநூறு திரியைக் கொளுத்திப் பார்ப்பது. ஒன்று தப்பினாலும் தம்பி சொல்கிறபடி இரட்டைத் திரி. ஒன்றுகூடத் தப்பாவிட்டால் ஒற்றைத் திரி, அதற்குமேல் பேச்சில்லை. தம்பி கையைக் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்று சாயந்திரத்துக்குள் இது கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. தங்கத்தாய் என் மேஜைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏ மீனா, உன் தம்பி நாங்க செய்யிற திரி பத்தாதுன்னானாமே?"

"அவன் கணக்குக்குச் சொன்னான்க்கா."

"கணக்கா? என் கை பதினோரு வருஷக் கை. சரி, அவனும் நம்ம புள்ளதான். சோதனையில ஒண்ணு பத்தாமப் போனா அவனுக்கும் அசிங்கம், நமக்கும் அசிங்கம். பாத்து எடுத்துக் குடு."

பார்த்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் கத்தரிக்காய் வாங்க வந்தால் சொத்தை இல்லாததாகப் பொறுக்கித்தான் போடுவோம். கூடையில் கையை விட்டு வந்ததை அள்ளிப் போட்டால் அது பகை. சீசன் நேரத்தில் திரியில் கரண்டு ஓடுகிறதா என்று மீட்டரில் தொட்டு, சத்தம் வந்தால் பெட்டிக்குள் போட்டுவிடுவேன், அவ்வளவுதான் நேரம் இருக்கும். அன்றைக்கு அப்படியில்லை. முழு மத்தியானமும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலை உருண்டையாக இருக்கிறதா, மருந்து கீறியிருக்கிறதா, கம்பி முறுக்கில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, தொள்ளாயிரத்தில் இருநூறு பொறுக்கினேன். துணியால் துடைத்தும் வைத்தேன். தம்பி பந்தயத்தில் ஜெயிக்க வேண்டுமே.

பந்தயம் எந்தப் பக்கம் என்று நான் கவனித்துக் கேட்கவே இல்லை. திரியெல்லாம் பற்றினால்தான் தம்பிக்குப் பெருமை என்று நினைத்துவிட்டேன்.

சோதனை கம்பெனிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் நடந்தது. தம்பி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினான். டப், டப் என்று பற்றியது. நூறு தாண்டியதும் பெண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். நான் ஒன்றொன்றாகக் கோடு போட்டு எண்ணினேன். நூற்றைம்பது தாண்டியதும் தம்பியின் முகம் சுருங்கியது. கூச்சம் என்று நினைத்தேன். இருநூறும் பற்றியது. தங்கத்தாய் குலவை போட்டாள். முதலாளி எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். தம்பி தோளில் கையைப் போட்டு, "ஒத்தைத் திரி. பேச்சு மாறக்கூடாது" என்றார். காலரைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. பேப்பரில் கிறுக்கிக்கொண்டே இருந்தான்.

"நூத்துக்கு ரெண்டு தப்புற திரின்னா, இருநூறும் பத்துறது நூறு தடவைல ரெண்டு தடவைகூட நடக்காதுக்கா. அந்த ரெண்டு இன்னைக்கே நடந்துருச்சா, இல்ல நான் சொன்ன கணக்கே தப்பா?"

என் வீட்டுக்காரர் வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "விடு மாப்ள. ஒத்தையே இருக்கட்டும். ஒண்ணு ரெண்டு நின்னா நான் போயிப் பாத்துக்கிறேன். எனக்குப் பழக்கந்தான?"

யோகலட்சுமி கேட்டது, "எதுக்குண்ணே பழக்கம்? காது போறதுக்கா?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "ஏலே, இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? எப்படித் தப்பும்? நான் பொறுக்கின பொறுக்கு அப்படி. தொள்ளாயிரத்துல இருநூறு. துடைச்சுல்ல குடுத்தேன்" என்றேன்.

பென்சில் நின்றது.

"என்ன பொறுக்கின?"

சொன்னேன். உருண்டைத் தலை, கீறல், முறுக்கு, துணி, எல்லாம். சொல்லச் சொல்ல அவன் கண் அகலமாகிக்கொண்டே போனது. முடித்ததும், "அக்கா, நீ திரியச் சோதிக்கல. உன் கண்ணச் சோதிச்சிருக்க. கண்ணு பாஸாயிருச்சு" என்றான். பிறகு, "திரி தோக்கணும்னுதான்க்கா நான் பந்தயம் கட்டினேன். ஒண்ணே ஒண்ணு தப்பியிருந்தா மச்சான் தப்பிச்சிருப்பாரு" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் புருஷனைக் குழாய்கிட்ட அனுப்புவதற்காக நானே ஒரு மத்தியானம் உட்கார்ந்து உழைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் வேன் இறங்கியதும் நேராக முதலாளி அறைக்குப் போனேன். தம்பி வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டேன். பொறுக்கியது நான். சீசன் வருகிற நேரத்தில் ஏமாற்றிவிட்டாள் என்று செக்கிங்கிலிருந்து தூக்கினால் தூக்கட்டும்.

"மொதலாளி, நேத்து எரிச்ச இருநூறும் நான் பொறுக்கிக் குடுத்தது. கலந்து எடுத்தது இல்ல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "பொறுக்கியா குடுத்த?"

"நம்ம புள்ளைக்குத்தானன்னு..."

"அடிப்பாவி. நம்ம புள்ளைக்கே ஆப்பா?" என்று சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முதலாளி புத்தி வேலை செய்தது. "சரி, இதுல என்ன நட்டம்? நீ பொறுக்கினா தப்பாதுல்ல? அறுபதையும் நீயே பொறுக்கு. ஒத்தையே போதும்."

அதற்கு நான் தயாராகப் போகவில்லை. அது நல்ல யோசனையாகவும் இருந்தது. தலையை ஆட்டக்கூடப் போனேன். பிறகு, "மொதலாளி, அந்த மத்தியானம் தங்கத்தாயக்கா பக்கத்துல உக்காந்து மோர் குடுத்துச்சு. திருவிழா ஆர்டர் நேரத்துல மோர் யாரு குடுப்பா? கண்ணு சொருகும். என் கண்ண நம்பி என் புருஷன அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல. உங்களுக்கு இருந்தா நீங்க குழாய்கிட்டப் போங்க" என்றேன்.

கடைசி வாக்கியம் நான் சொல்ல நினைத்தது இல்லை. வந்துவிட்டது. முதலாளி கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு வாசலைப் பார்த்து, "அந்தத் தங்கத்தாயக் கூப்பிடு. கண்ணக் கட்டிவிட்டு எடுக்கச் சொல்லு. மறுபடி இருநூறு" என்று கத்தினார்.

தங்கத்தாய் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, பெட்டி பெட்டியாகக் கையை விட்டு எடுத்தாள். எடுக்கும்போது விரலால் தலையைத் தடவிப் பார்த்தாள். "ஏ அக்கா, தடவாத!" என்று தம்பி கத்தினான். "கண்ணத்தான கட்டச் சொன்னீக, கையவுமா?" என்றாள். தடவிய ஆறு திரியைத் திரும்பப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி எடுக்க வைத்தான்.

அதே பொட்டல், அதே பெட்டி. முப்பத்தேழாவது திரி பற்றவில்லை. தம்பி கையை உயர்த்திக் குதித்தான். கம்பெனி முழுக்க அவனை முறைத்தது. மொத்தம் ஐந்து பற்றவில்லை.

"நாலுன்னு நினைச்சேன், அஞ்சு" என்றான் முதலாளியிடம், ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"சந்தோசமா உனக்கு?" என்றார் முதலாளி. ஆனால் பேச்சு மாறவில்லை. "ரெட்டை கட்டு. ஊர்ல கேட்டா அலங்காரத்துக்குன்னு சொல்லு."

அதோடு தம்பி விட்டானா? ஒரு குழாயில் போடுகிற இரண்டு திரியும் வேறு வேறு நாளில், வேறு வேறு ஆள் கையில் செய்ததாக இருக்க வேண்டும் என்றான். பற்றவைக்கிற ரிமோட் பெட்டியும் பேட்டரியும்கூட வேறு வேறு. மருந்து ஒரு நாள் ஈரமாகியிருந்தால் அன்று செய்த இரண்டும் சேர்ந்தே நமுத்திருக்கும், இரண்டு வைத்தும் பிரயோசனமில்லை. "ரெண்டும் ஒரு தாய் வயித்துப் புள்ளைகளா இருக்கக்கூடாதுக்கா. ஒரே கோளாறு ரெண்டுலயும் இருக்கும்." அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "யாரச் சொல்ற?" என்றாள். நூற்றிருபது திரியையும் நான்தான் பிரித்து, நாள் எழுதி, ஆள் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை மோர் குடிக்கவில்லை.

பங்குனிப் பொங்கலன்று பொழுது சாய்ந்ததும் குழாய்களைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். தம்பி நூறு அடி தள்ளி ஒரு மேஜையில் இரண்டு பெட்டியோடு நின்றான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். கையில் குச்சி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தார், பின்னால் கட்டினார், கடைசியில் என் கையில் இருந்த பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

முதல் குண்டு போனது. இரண்டாவது போனது. நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். பத்துக்கு அப்புறம் பார்த்தால் அவர் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நிற்கிறார். பதினான்கு வருஷமாக இந்தக் குண்டுகளை அனுப்பியிருக்கிறார். அடுத்த திரியைப் பார்த்தே ஓடியதில் ஒன்றுகூட மேலே போய் விரிவதைப் பார்த்ததில்லை.

"ஏ மீனா, இப்படியா இருக்கும் இது?"

"பின்ன எப்படி இருக்கும்னு நினைச்சீக?"

"நான் சத்தந்தான்னு நினைச்சேன்." இன்னும் நாலு போனது. பிறகு, "அந்தச் சிவப்பு சரியில்ல. வெளுத்துப் போச்சு. யாரு கலந்தா?" என்றார்.

அறுபதும் போயிற்று. முதலாளி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தியா? அறுபதுக்கு அறுபது! ஒத்தைத் திரியே போதும்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

எந்தக் குழாயில் முதல் திரி பற்றியது, எதில் இரண்டாவது காப்பாற்றியது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் குண்டோடு சேர்ந்து எரிந்து போயிருக்கும். தம்பி அதைச் சொல்லிச் சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் பெட்டிகளை அணைத்துவிட்டு, "இருக்கலாம் மொதலாளி" என்றான்.

அதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய்களை எண்ணிப் பார்க்கக் கயிற்றுக்குக் கீழே குனிந்தார். எல்லாம் போய்விட்டது என்று தெரிந்தாலும் அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகக்கூடாது என்பது தம்பி போட்ட சட்டம்.

"யோவ்! எங்க போறீரு?" என்று என் வீட்டுக்காரர் பொட்டலத்தோடு ஓடினார். "அரை மணி நேரம்! வெளிய வாரும்!"

"எல்லாந்தான் வெடிச்சிருச்சேப்பா?"

"நூத்துக்கு எத்தனன்னு உமக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? அங்கன போயி உக்காரும்" என்று அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக் குழாய்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அரை மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. மைக்கில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இடது காதைக் காட்டிக்கொண்டு பொரிகடலை தின்றார்.